பயண நாவலில் மறைநூல் வரிகள்: எங்கே வைப்பது, யார் வாயில் வைப்பது?

திருச்செங்கோட்டிலிருந்து புறப்படும் ரிக் வண்டி ஒன்றைப் பின்தொடர்ந்து நாவல் எழுதுகிறவர் முதல் அத்தியாயத்திலேயே ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டியிருக்கிறது. வண்டி கிளம்பும் முன் சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம் வைக்கிறார்கள், சூடம் காட்டுகிறார்கள், மலையைப் பார்த்துக் கும்பிடுகிறார்கள்; முன்கண்ணாடியின் மேல்விளிம்பில் ‘வேலும் மயிலும் துணை’ என்று எழுதியிருக்கிறது. ஆழ்துளைக் கிணறு தோண்டும் அந்த வண்டி சேலம், தொப்பூர், கிருஷ்ணகிரி, பெங்களூரு, ஐதராபாத் என்று போய் நாக்பூரையும் தாண்டும். அதிலிருப்பவர்கள் மாதக்கணக்கில் ஊர் திரும்ப மாட்டார்கள். எழுதப்படுவது பக்தி நூல் அன்று. எழுதுகிறவருக்கும் படிக்கிறவருக்கும் கடவுள் நம்பிக்கை இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அப்படிப்பட்ட நாவலில் மறைநூல் வரி ஒன்று வர வேண்டுமா, வந்தால் அதை யார் சொல்வது, எந்த நூலிலிருந்து எவ்வளவு எடுப்பது என்பதற்கு ஐந்து வழிகள் இருக்கின்றன. இத்தகைய நாவல் ஒன்றை எழுதிவருகிறவன் என்ற முறையில் அவற்றை ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. மறைநூல் வரியை ஆசிரியரின் வாயிலிருந்து எடுத்துப் பயணியின் வாயிலோ கண்ணிலோ வைக்கும்போதுதான் அது மதச்சார்பற்ற புனைவுக்குள் இயல்பாகத் தங்குகிறது. அந்த வரி அங்கே வருவதற்குச் சாலையில் ஒரு காரணமும் இருக்க வேண்டும். அதைவிட வளமான வழி இன்னொன்றும் உண்டு. அதற்கான மூலப்பொருள் கொங்கு நாட்டில் வேண்டிய அளவு இருந்தும் நம் எழுத்தாளர்கள் அதிகம் தொடாமல் வைத்திருக்கிறார்கள்.

மறைநூல் என்று நான் இங்கே சொல்வது பன்னிரு திருமுறை, நாலாயிரத் திவ்வியப் பிரபந்தம், விவிலியம், குர்ஆன் போன்றவற்றையும், அவற்றோடு வீடுகளிலும் வண்டிகளிலும் அன்றாடம் ஒலிக்கும் திருப்புகழ், கந்தர் அலங்காரம், கந்தர் சஷ்டி கவசம் ஆகியவற்றையும்தான். திருக்குறளை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அரசுப் பேருந்தில் எழுதியிருக்கும் குறளை எந்தப் பயணியும் ஒரு மதத்தின் வரியாகப் படிப்பதில்லை என்பதால் அங்கே இந்தச் சிக்கலே எழுவதில்லை.

முதல் வழி, மறைநூலை முற்றாக விலக்கிவிடுவது. இதற்குச் சொல்லப்படும் காரணங்கள் நேர்மையானவை: யார் மனமும் புண்படாது, நாவல் எந்தப் பக்கமும் சாயாது, உபதேச வாடை வராது. விமானத்தில் கோவையிலிருந்து புறப்பட்டு வெளிநாட்டு அலுவலகத்தில் போய் இறங்கும் ஒரு பொறியாளரின் கதைக்கு இது பொருந்தவும் கூடும். கொங்கு நாட்டுச் சாலையில் நடக்கும் கதைக்குப் பொருந்தாது. தைப்பூசத்துக்கு முந்தைய நாட்களில் பழனியை நோக்கி நடக்கும் கூட்டத்தையும், பங்குனி உத்திரத்துக்குக் கொடுமுடிக் காவிரியில் தீர்த்தம் எடுத்துக்கொண்டு காவடியோடு போகிறவர்களையும் விட்டுவிட்டு அந்தப் பக்கத்துச் சாலைகளை எழுத முடியாது. அவர்களைக் காட்டிவிட்டு அவர்கள் வாயை மட்டும் கட்டிவைத்தால் படிக்கிறவருக்கு உடனே தெரிந்துவிடும். விலக்குவதும் ஒரு நிலைப்பாடுதான். அதை நடுநிலை என்று சொல்லிக்கொள்ள முடியாது.

இரண்டாவது வழி, நாவலின் முகப்பிலோ அத்தியாயத்தின் தலையிலோ ஒரு வரியை மேற்கோளாக வைப்பது. பார்வைக்கு மிகவும் கண்ணியமாகவும் எளிதாகவும் தோன்றும் இந்த வழியை நான் கடைசி இடத்தில் வைப்பேன். முகப்பு மேற்கோள் கதைக்குள் இருக்கும் எவருடைய குரலும் இல்லை. அது ஆசிரியர் நேரடியாக வாசகரிடம் நீட்டுவது. ‘நற்றவா உனை நான் மறக்கினும் சொல்லும் நா நமச்சிவாயவே’ என்ற சுந்தரரின் கொடுமுடி வரியை முதல் பக்கத்தில் அச்சடித்துவிட்டால், அடுத்து வரும் முந்நூறு பக்கங்களும் அந்த வரிக்கு எழுதப்பட்ட உரையாகவே படிக்கப்படும். வண்டியில் போகும் ஒவ்வொருவனும் எதையோ மறந்தவனாகவும் கடைசியில் நினைவுக்குத் திரும்ப வேண்டியவனாகவும் ஆகிவிடுவான். நாவலின் நோக்கம் அதுவாகவே இருந்தால் சரி. பெரும்பாலும் நாவல் எழுதி முடித்த பின், நூலுக்கு ஒரு கனம் வேண்டும் என்பதற்காக மட்டுமே இப்படிப்பட்ட வரிகள் தேடி எடுக்கப்படுகின்றன. நாவல் அந்த வரியோடு வாதாடுகிறது, அதைச் சோதிக்கிறது என்றால் மட்டும் முகப்பு மேற்கோளுக்கு நியாயம் உண்டு.

மூன்றாவது வழி கதைசொல்லியே மேற்கோள் காட்டுவது. நான்காவது வழி பாத்திரம் சொல்வது. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்ப்பதே தெளிவைத் தரும். அருணகிரிநாதரின் கந்தர் அலங்காரத்தில் பயணத்துக்கென்றே செய்துவைத்தது போன்ற ஒரு பாடல் இருக்கிறது. விழிக்குத் துணை எது, மொழிக்குத் துணை எது, முன்பு செய்த பழிக்குத் துணை எது என்று வரிசையாகச் சொல்லிவந்து, ‘பயந்த தனி வழிக்குத் துணை வடிவேலும் செங்கோடன் மயூரமுமே’ என்று முடியும் பாடல் அது. செங்கோடன் என்றால் திருச்செங்கோட்டு முருகன். ஆகவே அந்த ஊர் வண்டியில் அந்த ஊர்ப் பாடல் வருவதைத் திணிப்பு என்று யாரும் சொல்ல முடியாது. இனி வண்டி ஊர் திரும்பும் வழியில் தொப்பூர்க் கணவாயில் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். சேலத்துக்கும் தருமபுரிக்கும் இடையே உள்ள அந்த இறக்கம், கனரக வண்டி ஓட்டுகிறவர்கள் அஞ்சும் விபத்துப் பகுதி. கதைசொல்லி வழியாக எழுதினால் இப்படி வரும்:

“வண்டி தொப்பூர்க் கணவாயில் இறங்கியபோது, ‘பயந்த தனி வழிக்குத் துணை வடிவேலும் செங்கோடன் மயூரமுமே’ என்று அருணகிரிநாதர் பாடியது எத்துணை உண்மை என்பது விளங்கியது.”

யாருக்கு விளங்கியது என்ற கேள்வி இந்த வாக்கியத்தில் விடையில்லாமல் நிற்கிறது. ஓட்டுநருக்கு என்றால் அவர் அந்த நேரத்தில் பிரேக்கில் கால் வைத்திருப்பவர். இலக்கியம் பேசும் நிலையில் இல்லை. கதைசொல்லிக்கு என்றால் அவர் இதுவரை வண்டியில் இல்லாதவர், திடீரென்று எங்கிருந்தோ வந்து பாடலுக்கு உண்மைச் சான்றிதழ் கொடுக்கிறார். மதச்சார்பற்ற புனைவு தன் பொதுத்தன்மையை இழப்பது இந்த இடத்தில்தான். வரி வந்ததால் எந்தக் கேடும் இல்லை, வரி உண்மை என்று ஆசிரியர் கையெழுத்திட்டதால்தான் கேடு. அதே கணம் பாத்திரத்தின் வாயில்:

“முன்னால் ஒரு கன்டெய்னர் லாரி விட்டுவிட்டுப் பிரேக் போட்டுக்கொண்டு போயிற்று. அவர் கியரைக் குறைத்தார். ‘தனி வழிக்குத் துணை’ என்றார். அதற்கு மேல் வரவில்லை. மறுபடியும் அதையே சொன்னார்.

‘ஏனுங்ணா, அதுக்கு மேல என்னுங்க?’

‘மேல அப்புறம் சொல்றேன். நீ ரோட்டப் பாரு கண்ணு.’”

இங்கே பாடலின் பாதிதான் வந்திருக்கிறது. ஆனால் பயமும் இருக்கிறது, பழக்கமும் இருக்கிறது, அவர் சிறுவயதில் அந்த மலையடிவாரத்தில் யாரோ பாடக் கேட்டு வளர்ந்தவர் என்பதும் சொல்லாமலே இருக்கிறது. வாசகர் முருகனை நம்ப வேண்டியதில்லை, அந்த ஓட்டுநரை நம்பினால் போதும். நம்பிக்கையுள்ள வாசகர் மீதியை மனதுக்குள் தாமே சொல்லி முடித்துக்கொள்வார். இரண்டு வகை வாசகருக்கும் இடம் கொடுக்கும் இந்த ஏற்பாட்டை வேறு எந்த வழியிலும் நான் கண்டதில்லை.

பாத்திரத்தின் வாயில் வைப்பது என்றால் பக்தரின் வாயில்தான் வைக்க வேண்டும் என்பதில்லை. ஈரோடு பெரியார் பிறந்த ஊர். மறைநூலை மறுத்துப் பேசுவதற்காகவே அதை வரிவரியாகப் படித்து வைத்திருந்த பெரியவர்கள் இந்தப் பகுதியில் வாழ்ந்தார்கள். ஞானசம்பந்தர் மதுரைக்குப் புறப்பட்டபோது நாளும் கோளும் சரியில்லை என்று அப்பர் தடுத்ததாகவும், அதற்கு மறுமொழியாகவே ‘வேயுறு தோளி பங்கன்’ என்று தொடங்கும் கோளறு பதிகம் பாடப்பட்டதாகவும் சொல்வார்கள். ‘ஞாயிறு திங்கள் செவ்வாய் புதன் வியாழன் வெள்ளி சனி பாம்பிரண்டும் உடனே, ஆசறு நல்ல நல்ல’ என்ற அந்த வரியை, சூலம் பார்த்துப் பயணத்தைத் தள்ளிப்போடும் மருமகனிடம் கடவுள் மறுப்பாளரான மாமனார் எடுத்துப்போடுவதாக ஒரு காட்சியை எண்ணிப் பாருங்கள். ‘உங்க சாமி பாட்டுலயே எல்லா நாளும் நல்ல நாளுன்னு இருக்குதுங்க மாப்பிள்ளை, கெளம்புங்க.’ அந்த வரி அடியார்க்கு நல்லவை என்றுதான் சொல்கிறது என்று மருமகன் பதில் சொல்லவும் இடம் இருக்கிறது. ஒரே வரி இருவருக்கும் பயன்படுகிறது. ஆசிரியர் இருவரில் எவர் பக்கமும் நிற்க வேண்டியதில்லை.

இதையொட்டிய ஒரு கிளைவழி, யாரும் சொல்லாமல் கண்ணிலும் காதிலும் படும் வரிகளை எழுதுவது. ‘முருகன் துணை’, ‘கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்’, ‘786’ என்று வண்டிக்கு வண்டி எழுதியிருப்பவை, விடியற்காலையில் தேநீர்க் கடையில் ஒலிக்கும் கவசம், கோயில் மதிலில் வண்ணம் உதிர்ந்த பாசுரம் ஆகிய இவை சாலையின் உண்மைப் பொருள்கள், மைல்கல்லைப் போலவே இவற்றையும் எழுதலாம். சென்னிமலையில் அரங்கேறியதாகச் சொல்லப்படும் கந்தர் சஷ்டி கவசத்தில் ‘சிரகிரி வேலவன் சீக்கிரம் வருக’ என்ற அடி வருவதை, சென்னிமலையைக் கடக்கும் பேருந்தில் இருப்பவர் காதில் விழவைப்பது நாவலாசிரியருக்குக் கிடைக்கும் நல்வாய்ப்பு. இதில் ஒரே ஒரு எச்சரிக்கை: மூன்று மதத்துக்கும் ஒவ்வொன்று என்று பட்டியல் போட்டுச் சமன்செய்தால் அது சாலையாகத் தெரியாது, அரசு விழா மேடையாகத் தெரியும்.

ஐந்தாவது வழியைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது. மறைநூலின் சொற்களை மேற்கோளாக எடுக்காமல், அதற்கு அடியில் கிடக்கும் பயணத்தை எடுத்துக்கொள்வது அது. தேவாரம் பாடிய மூவருமே ஊர் ஊராக நடந்தவர்கள். கொங்கு நாட்டுத் தலங்களான அவிநாசி, திருமுருகன்பூண்டி, திருச்செங்கோடு, பவானி, கொடுமுடி, கரூர், வெஞ்சமாக்கூடல் ஆகிய ஏழும் பாடப்பட்ட கதைகளில் பல, சாலையில் நடந்த இன்னல்களின் கதைகள்தான்.

திருச்செங்கோட்டையே பார்க்கலாம். ஞானசம்பந்தர் அடியார் கூட்டத்தோடு கொங்கு நாட்டுக்கு வந்து அங்கே தங்கியிருந்தபோது, உடன் வந்தவர்களுக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. ஊர் நீரும் பருவமும் ஒத்துக்கொள்ளவில்லை. அப்போது பாடியது ‘அவ்வினைக்கு இவ்வினை’ என்று தொடங்கும் திருநீலகண்டப் பதிகம். கூட்டமாகப் போகிறவர்களில் ஒவ்வொருவராகக் காய்ச்சலில் விழுவதும், தலைவனாக வந்தவன் இது நம் வினை, விதி என்று கையைக் கட்டிக்கொண்டு இருக்கலாமா என்று கேட்பதும் இன்றைக்கும் ரிக் வண்டிக் கூட்டத்துக்கு நேரக்கூடியவை. ‘உய்வினை நாடாது இருப்பதும் உந்தமக்கு ஊனம் அன்றே’ என்ற அடியில், தப்பிக்கும் வழியைத் தேடாமல் இருப்பது குறைதான் என்று சொல்லும் ஒரு குரல் இருக்கிறது. பதிகத்தில் அந்த வழி சிவன் திருவடி. நாவலில் அது பெயர் தெரியாத ஊரில் நடுநிசியில் தேடிக் கண்டுபிடிக்கும் மருந்துக்கடையாக இருக்கலாம். பதிகத்தை ஒரு சொல்லும் எடுத்துக்காட்டாமல் அந்த அத்தியாயத்தை எழுதிவிட முடியும். தெரிந்தவர்கள் கண்டுகொள்வார்கள், தெரியாதவர்களுக்கும் அத்தியாயம் குறையின்றி நிற்கும்.

இதைவிட வியப்பானது திருமுருகன்பூண்டி. சேரமான் பெருமாள் கொடுத்த பொன்னோடு திரும்பிக்கொண்டிருந்த சுந்தரரை அந்த ஊர் அருகே வேடுவர்கள் வழிமறித்துப் பறித்தார்கள் என்பதும், வேடுவர் வடிவில் வந்தவை சிவபூதங்களே என்பதும், பின்னர்ப் பொருள் திரும்பக் கிடைத்தது என்பதும் பெரியபுராணம் சொல்லும் வரலாறு. பதிகத்தைத் தனியாகப் படித்தால் அதில் கேட்பது வேறு குரல். கொடிய வில்லேந்திய வேடுவர்கள், ‘திடுகு மொட்டு’ எனக் குத்தி, ஆடையைப் பறித்துக்கொண்டு ‘ஆறலைக்கும் இடம்’, அதாவது வழிப்பறி செய்யும் இடம், இது என்று ஊரை வர்ணித்துவிட்டு, அப்படிப்பட்ட ஊரில் நீர் எதற்காகக் குடியிருக்கிறீர் என்று கேட்கிறது: ‘எத்துக்கு இங்கிருந்தீர் எம்பிரானீரே’. பாடலுக்குப் பாடல் அதே கேள்விதான். வழிப்பறிக்கு ஆளான ஒரு பயணி, காவல் இருக்க வேண்டியவரைப் பார்த்து நீர் இங்கே என்ன செய்துகொண்டிருக்கிறீர் என்று கோபத்தோடு கேட்கும் இந்தப் பாட்டு, மறைநூலாக இருந்துகொண்டே பயண இலக்கியமாகவும் இருக்கிறது.

மதச்சார்பற்ற நாவலாசிரியருக்கு இதில் கிடைப்பது பெரிய கொடை என்று நினைக்கிறேன். அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு, பெரியபுராணம் தரும் விடையை எடுக்காமல் விடலாம். இரவில் நெடுஞ்சாலையோரம் நிறுத்திய வண்டியில் டீசல் திருடு போகிறது, மேலாளர் கொடுத்தனுப்பிய பணம் பறிபோகிறது. பக்கத்தில் காவல் சாவடி இருக்கிறது, அங்கே விளக்கும் எரிகிறது. பறிகொடுத்தவன் அந்த விளக்கைப் பார்த்துக் கேட்கும் கேள்வி சுந்தரர் கேட்ட கேள்வியேதான். பொருள் திரும்பிவராத கதையிலும் அந்தக் கேள்விக்கு முழு வலு இருக்கிறது. சொல்லப்போனால் அங்கே வலு கூடுகிறது. மறைநூலை மதிக்காமல் இப்படிச் செய்வதாக யாரும் எண்ண வேண்டியதில்லை. ஒரு பாட்டு எழுந்த நிலைமையை அவ்வளவு கூர்ந்து பார்ப்பதும் மதிப்புதான்.

அவிநாசியில் இதன் மறுபக்கம் இருக்கிறது. ஒரே தெருவில் ஒரு வீட்டில் மங்கல ஒலியும் எதிர்வீட்டில் அழுகையும் கேட்க, வழிப்போக்கராக வந்த சுந்தரர் நின்று காரணம் கேட்டார். இரண்டு சிறுவர் குளிக்கப் போனதில் ஒருவனை முதலை விழுங்கியதும், பிழைத்தவனுக்கு அன்று பூணூல் சடங்கு நடப்பதும் தெரிந்தது. ‘கரைக்கால் முதலையைப் பிள்ளை தரச்சொல்லு காலனையே’ என்று அவர் பாடப் பிள்ளை மீண்டான் என்பது வரலாறு. பிள்ளை மீண்ட இடத்தை மதச்சார்பற்ற நாவல் தொடாமல் இருப்பதே நல்லது. தொட்டால் நம்புவதா மறுப்பதா என்று ஆசிரியர் தேர்ந்தெடுக்க வேண்டிவரும், இரண்டில் எதைத் தேர்ந்தாலும் கதை வாதமாகிவிடும். வழிப்போக்கன் ஒரு தெருவில் இரண்டு ஒலிகளைக் கேட்டு நின்றான் என்பது வரை எடுத்துக்கொண்டால் போதும். ஊர் விட்டு ஊர் போகிறவர்களுக்கே வாய்க்கும் அனுபவம் அது.

இனி, எந்த நூலிலிருந்து எடுப்பது என்ற கேள்வி. பாத்திரம் யார் என்பதே இதற்கு விடை. ஈரோட்டுத் தென்னிந்தியத் திருச்சபைக் குடும்பத்து அம்மா, வடநாட்டு மருத்துவமனைக்குச் செவிலியாகப் போகும் மகளை ரயிலேற்றும்போது, ‘கர்த்தர் உன் போக்கையும் உன் வரத்தையும் இதுமுதற்கொண்டு என்றைக்குங் காப்பார்’ என்ற 121ஆம் சங்கீதத்தின் வரியைச் சொல்வார். அந்தப் பழைய மொழிபெயர்ப்பின் நடைதான் அவர் காதில் பதிந்தது. கருமத்தம்பட்டிக் கத்தோலிக்கத் தாய் ‘ஆண்டவர்’ என்று சொல்வார், பெரும்பாலும் வசனம் சொல்லாமல் நெற்றியில் சிலுவை வரைந்து அனுப்புவார். அங்கே வசனத்தைத் திணிப்பது தவறு. கொங்கு நாட்டு வாய்மொழிக் காவியமான அண்ணன்மார் கதையை உடுக்கடித்துப் பாடுகிறவரை வண்டியில் ஏற்றினால் இன்னும் கவனம் வேண்டும். உடுக்கடிப் பாட்டு பாடுகிறவருக்குப் பாடுகிறவர் மாறும். அச்சில் கிடைக்கும் ஒன்றை அவர் வாயில் வைப்பதைவிட, அவர் பாடினார் என்று எழுதிவிட்டுக் கேட்டவர்களின் முகத்தை எழுதுவதே சரி.

கரூர் மாவட்டத்துப் பள்ளப்பட்டி வியாபாரி ஒருவர் வண்டியில் ஏறினால், பயணம் தொடங்கும்போது ஓதப்படும் குர்ஆன் வசனம் அவர் உதட்டில் இருக்கும். குர்ஆனின் 43ஆம் அத்தியாயத்தில் 13, 14ஆம் வசனங்களாக உள்ள அது, இந்த வாகனத்தை எங்களுக்கு வசப்படுத்தித் தந்தவன் தூயவன், இதை அடக்கும் ஆற்றல் எங்களுக்கு இருந்ததில்லை, எங்கள் இறைவனிடமே நாங்கள் திரும்பிச் செல்பவர்கள் என்ற பொருளுடையது. புறப்படும் நேரத்திலேயே கடைசித் திரும்புதலையும் நினைவூட்டும் இந்த வசனம் பயண நாவலுக்கு மிகவும் நெருக்கமானது. ஆனால் தொப்பூரில் ஓட்டுநர் பாடலைப் பாதியில் விட்டதுபோல இதைப் பாதியில் விடவோ தடுமாறவோ வைக்க நான் துணிய மாட்டேன். ஓதுதலின் சரிநுட்பத்துக்கு இஸ்லாமியர் கொடுக்கும் மதிப்பு வேறு வகையானது. அரபுச் சொற்களைத் தமிழ் எழுத்தில் பிழையாக அச்சிட்டாலும் அது புண்படுத்தும். அவர் உதடு அசைந்தது என்றும், பக்கத்திலிருப்பவன் கேட்டபோது அவர் பொருளைத் தம் பேச்சில் சொன்னார் என்றும் எழுதுவது போதுமானது. பாடலுக்குப் பாடல் மரபுக்கு மரபு சுதந்திரத்தின் அளவு வேறுபடுகிறது என்பதை ஏற்றுக்கொள்வது நாவலுக்கு எந்த இழப்பையும் தருவதில்லை.

அச்சில் வரியைச் சரியாகக் கொடுப்பது பற்றிச் சுருக்கமாக ஒன்று. பாத்திரம் தவறாகச் சொல்லலாம். எழுதுகிறவருக்குச் சரியான பாடம் தெரிந்திருக்க வேண்டும், தவறு வேண்டுமென்றே வைக்கப்பட்டது என்பது வாசகருக்கும் தெரிய வேண்டும். திருமுறை வரிகளைச் சொல் பிரிக்காமல் யாப்பின்படி அச்சிட்டால் இன்றைய வாசகர் தடுமாறுவார்; நாவலுக்குள் சொல் பிரித்துத் தருவதே நல்லது. அடிக்குறிப்பு வேண்டாம். பொருள் தேவைப்பட்டால் அந்த வண்டியிலேயே யாராவது கேட்கட்டும், யாராவது சொல்லட்டும், அல்லது தெரியவில்லை என்று சொல்லட்டும்.

சட்டப் பக்கத்தையும் பார்த்துவிடலாம். தேவாரமும் திருப்புகழும் எவருக்கும் உரிமையான சொத்து இல்லை. ஆனால் அவற்றுக்கு அண்மையில் எழுதப்பட்ட உரைகளுக்கு உரிமை உண்டு. இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் வரை உரிமை நீடிக்கிறது. 19ஆம் நூற்றாண்டுத் தமிழ் விவிலிய மொழிபெயர்ப்பை எடுத்தாள்வதில் சிக்கல் இல்லை. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்திலிருந்து நீண்ட பகுதிகளை எடுப்பதானால் வெளியீட்டாளரிடம் எழுதிக் கேட்பது முறை. மத உணர்வைப் புண்படுத்தும் குற்றம், பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 295அ பிரிவின் இடத்தில் இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 299ஆம் பிரிவில் இருக்கிறது. வேண்டுமென்றே தீய நோக்கத்தோடு செய்வதையே அது குற்றமாக்குகிறது. திருச்செங்கோட்டைக் களமாகக் கொண்ட நாவல் ஒன்று தொடர்பான வழக்கில் 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் எழுத்தாளரின் பக்கம் நின்றதையும், பிடிக்காத புத்தகத்தை வாசகர் ஒதுக்கிவிடலாம் என்று சொன்னதையும் கொங்கு நாட்டில் எழுதுகிற எவரும் மறக்க முடியாது. ஆனாலும் நீதிமன்றம் பின்னால் காப்பாற்றும் என்ற துணிவில் ஒரு வரியை வைப்பதற்கும், அந்த வரி அந்தப் பாத்திரத்துக்குத் தேவை என்பதால் வைப்பதற்கும் வேறுபாடு உண்டு. இரண்டாவதை எந்த அவையிலும் நின்று சொல்லலாம்.

ஆகவே என் ரிக் வண்டி நாவலுக்கு நான் எடுத்திருக்கும் முடிவுகள் இவை. முகப்பில் மேற்கோள் இல்லை. கதைசொல்லி எங்கும் மறைநூல் பேசுவதில்லை. ஓட்டுநருக்குக் கந்தர் அலங்காரத்தின் அந்த ஒரு பாடல் மட்டும் உண்டு, அதுவும் முழுதாக ஒரே ஓர் இடத்தில்தான் வரும். காய்ச்சல் அத்தியாயமும் வழிப்பறி அத்தியாயமும் பதிகங்களின் மேல் கட்டப்பட்டவை, அவற்றில் மேற்கோள் கிடையாது. ராடு மாற்றும் பீகார்ப் பையன் இரவில் அனுமன் சாலீசா சொல்கிறான். அதை மொழிபெயர்க்காமல் ‘பூத் பிசாச் நிகட் நஹி ஆவை’ என்று ஒலியாகவே விட்டிருக்கிறேன், ஏனென்றால் பக்கத்தில் படுத்திருக்கும் திருச்செங்கோட்டுக்காரருக்கு இந்தி தெரியாது. ‘பிசாசு’ என்ற ஒரு சொல் மட்டும் அவர் காதில் பிடிபடும், பையன் எதற்கோ பயப்படுகிறான் என்று எண்ணி அவர் விளக்கை அணைக்காமல் விடுவார்.